நேரத்தைத் திருத்திய உலோகங்கள்

1773இல் ஃபெர்டினாண்ட் பெர்தூ என்ற பாரிஸ் கடிகாரக் கலைஞர் ஒரு கணக்கை வெளியிட்டார். வெப்பநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 92 டிகிரிக்கு ஏறினால் ஒரு சாதாரணக் கடிகாரம் நாளொன்றுக்கு 393 வினாடி பின்தங்கும் என்றார். அதாவது ஆறரை நிமிடம். அதோடு நிற்காமல் அந்த 393ஐயும் பிரித்துக் காட்டினார்: பேலன்ஸ் சக்கரம் சூட்டில் விரிவதால் 62 வினாடி, சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங் நீள்வதால் 19 வினாடி. மீதி 312 வினாடியும் அந்த ஹேர்ஸ்பிரிங்கின் எஃகு சூட்டில் விறைப்பை இழப்பதால் வருவது.

இயந்திரக் கைக்கடிகாரத்தின் துல்லியம் என்று பேச்செடுத்தால், எஸ்கேப்மென்டின் வகைகளையும் டூர்பியான் போன்ற சுழலும் அதிசயங்களையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பிழையில் ஐந்தில் நான்கு பங்கு முடியளவு மெல்லிய ஒரு கம்பியின் உலோகக் குணத்தில் ஒளிந்திருந்ததை பெர்தூவின் கணக்கு அப்போதே காட்டிவிட்டது. அன்று முதல் இன்றுவரை நடந்த திருத்தங்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கடிகாரத்தைத் திருத்தியவர்களில் உலோகத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கே முதலிடம்; பொறியமைப்பை மாற்றியவர்கள் அதற்கு அடுத்துதான் வருகிறார்கள்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். சாவி கொடுக்கும்போது மெயின்ஸ்பிரிங் இறுகுகிறது. அது தளரும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. தடுக்க ஆளில்லாவிட்டால் ஒன்றரை நாளுக்கான விசையும் சில நொடிகளில் தீர்ந்துவிடும். தடுத்துத் தடுத்து விடுகிற வேலை எஸ்கேப்மென்டுடையது. எப்போது விட வேண்டும் என்று அதற்குச் சொல்வது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திரும்பும் பேலன்ஸ் சக்கரம். அதைத் திரும்பத் திரும்ப நடுவுக்கு இழுப்பது ஹேர்ஸ்பிரிங். பேலன்ஸ் ஓர் ஊஞ்சல் என்று வைத்துக்கொண்டால், எஸ்கேப்மென்ட் அதைத் தள்ளிவிடும் கை. ஊஞ்சலின் தாளத்தைக் கெடுக்காமல் தள்ளுவதில்தான் கையின் திறமை இருக்கிறது. தாளத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: பேலன்ஸின் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதும், ஹேர்ஸ்பிரிங்கின் விறைப்பும். இந்த இரண்டும் மாறாமல் இருந்தால் நேரமும் மாறாது. ஆனால் சூடு, கிடக்கும் நிலை, எண்ணெய், காந்தம் என்ற நான்கும் ஏதாவது ஒரு வழியில் தாளத்தைக் குலைத்துக்கொண்டே இருக்கின்றன.

ஹேர்ஸ்பிரிங் வருவதற்கு முந்தைய, உடலில் அணிந்த சிறு கடிகாரத்தைக் கடிகாரம் என்பதைவிட நகை என்பதே பொருத்தம். நாளுக்குக் கணிசமான நேரம் தவறியதால் அதில் நிமிட முள் வைப்பதற்கே அவசியம் இருக்கவில்லை. 1675இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள்வடிவ ஹேர்ஸ்பிரிங்கை அறிவித்தார். பாரிஸில் ஐசாக் துரே அதைச் செய்துகொடுத்தார். லண்டனில் ராபர்ட் ஹூக், அது தன் யோசனை என்று கொதித்தார். யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. பிழை சில நிமிடங்களுக்கு இறங்கியது; முகப்பில் நிமிட முள் நிரந்தரமாகக் குடியேறியது. இழுவிசைக்கும் நீட்சிக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஹூக்கின் விதியை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். கடிகார ஸ்பிரிங் மீது அவருக்கு இருந்த அக்கறைக்கும் அதில் பங்கு உண்டு.

எஸ்கேப்மென்டின் வரலாறும் சுவையானதுதான், ஆனால் இங்கே விரைவாகக் கடக்கலாம். பழைய வெர்ஜ் வகை பேலன்ஸை ஒரு கணம்கூடச் சும்மா விடாது. 1750களில் லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் லீவர் எஸ்கேப்மென்டை வகுத்தார். இதில் பேலன்ஸ் தன் வீச்சின் பெரும்பகுதியை யாரும் தொடாமல் சுதந்திரமாக முடிக்கிறது. நடுவில் ஒரு கணம் மட்டும் லீவர் தொட்டுத் தள்ளிவிட்டு விலகிக்கொள்கிறது. 1770இல் அவர் செய்த கடிகாரம் இங்கிலாந்து ராணி சார்லட்டுக்குப் போனது. இன்று சந்தையில் விற்கும் இயந்திரக் கைக்கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த லீவரின் வாரிசுதான். இருநூற்றைம்பது ஆண்டுகளாக அதை வீழ்த்தப் பலர் முயன்றும் அது அசையவில்லை.

சூட்டோடு நடந்த போர்தான் நீண்டது. கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியக் கடிகாரம் தேவைப்பட்டதால் இந்தப் போருக்கு அரசாங்கப் பணமும் வந்தது. தச்சராகத் தொடங்கிய ஜான் ஹாரிசன், இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய தகடு சூட்டில் வளைவதைப் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாள் பயணத்துக்குப் பின், அதன் வழக்கமான போக்கைக் கணக்கிட்டுக் கழித்தபோது, அது தவறியிருந்தது சுமார் 5 வினாடி. பிரான்சில் பியேர் லெ ருவாவும் இங்கிலாந்தில் ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் சரிக்கட்டலை ஹேர்ஸ்பிரிங்கிலிருந்து பேலன்ஸ் சக்கரத்துக்கே மாற்றினார்கள். சக்கரத்தின் விளிம்பு பித்தளையும் எஃகும் சேர்த்து உருக்கி ஒட்டியது. இரண்டு இடங்களில் வெட்டப்பட்டிருக்கும். சூடு ஏறினால் விளிம்பு உள்பக்கமாக வளைந்து சக்கரத்தை வேகப்படுத்தும். ஸ்பிரிங் தளர்ந்த அளவுக்குச் சக்கரம் ஈடுகட்டும்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்பிரிங்கின் விறைப்பு குறையும் விதமும் விளிம்பு வளையும் விதமும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே குளிரில் ஒரு புள்ளி, வெயிலில் ஒரு புள்ளி என இரண்டு வெப்பநிலைகளில் மட்டும் கடிகாரம் சரியாக ஓடும்; இடைப்பட்ட வெப்பநிலையில் ஓரிரு வினாடி முந்தும். லண்டன் கடிகாரக் கலைஞர் எட்வர்ட் ஜான் டென்ட் 1833இல் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். அடுத்த அறுபது ஆண்டுகள் ஐரோப்பாவின் தேர்ந்த கைகள் எல்லாம் துணைத்தகடு, துணைத்திருகு என்று பேலன்ஸோடு எதையெதையோ சேர்த்துப் பார்த்தன. அவற்றில் சில வேலை செய்தன. எதுவும் எளிமையாக இல்லை.

தீர்வு கடிகாரப் பட்டறையிலிருந்து வரவில்லை. ஷார்ல் எதுவார் கியோம், சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஊரில் கடிகாரத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸுக்கு அருகே செவ்ர் நகரில் உள்ள சர்வதேச எடை அளவைகள் நிறுவனத்தில் பணியாற்றினார். மீட்டர் அளவுகோலைச் செய்ய பிளாட்டினம் இரிடியத்துக்கு மாற்றாக மலிவான உலோகம் கிடைக்குமா என்று தேடியவர், 1896இல் 36 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை என்று கண்டார். அதற்கு இன்வார் என்று பெயர். நிக்கல் எஃகுக் குடும்பத்தை மேலும் ஆராய்ந்து, டென்ட் சுட்டிக்காட்டிய அந்த நடுவெப்பப் பிழையைப் போக்கும் பேலன்ஸை வகுத்தார். பிறகு குரோமியம் போன்றவற்றைச் சேர்த்து, சூட்டில் விறைப்பே மாறாத எலின்வார் கலவையை உருவாக்கினார். 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டுக்கான பரிசு ஐன்ஸ்டைனுக்கு. உலோகக் கலவை ஆய்வுக்கா நோபல் என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. பெர்தூவின் 312 வினாடியை நினைவில் வைத்திருப்பவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

எலின்வார் மென்மையானது, எளிதில் வளைந்துவிடும். ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் என்ற சுவிஸ் பொறியாளர் அதோடு பெரிலியம் சேர்த்துக் கடினமாக்கி, 1933 வாக்கில் நிவாராக்ஸ் என்ற கலவையைக் கொண்டுவந்தார். வெட்டுவிளிம்பு, இரட்டை உலோகம், துணைத்தகடு என்று நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சிக்கல்கள் அனைத்தும் அதோடு கழன்றுபோயின. ஒரே உலோகத்தில் வெட்டில்லாத வட்டமாக ஒரு பேலன்ஸ், அதற்கொரு நிவாராக்ஸ் ஸ்பிரிங், போதும். அரசர்களும் கடற்படையும் மட்டுமே வாங்க முடிந்த துல்லியம் குமாஸ்தாவின் மணிக்கட்டுக்கு வந்தது இப்படித்தான்.

இந்த இடத்தில் டூர்பியானைப் பற்றி ஒரு வார்த்தை. கடிகாரம் நிமிர்ந்து நிற்கும்போது புவியீர்ப்பு பேலன்ஸின் சமனற்ற பக்கத்தைக் கீழே இழுக்கும். திருப்பி வைத்தால் பிழையும் திரும்பும். ஆபிரகாம் லூயி பிரெகே 1801இல் காப்புரிமை பெற்ற டூர்பியானில் பேலன்ஸும் எஸ்கேப்மென்டும் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து மெல்லச் சுழல்கின்றன. நிலைப்பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. சட்டைப்பையில் நாள் முழுக்கச் செங்குத்தாக நிற்கும் கடிகாரத்துக்கு இது அருமையான யோசனை. கைக்கடிகாரமோ, கை ஆடும் ஆட்டத்தில் தானே எல்லா நிலைகளுக்கும் திரும்பிவிடுகிறது. இன்று லட்சக்கணக்கில் விலை வைக்கப்படும் மணிக்கட்டு டூர்பியான்களில் கைவினை இருக்கிறது, கண்ணுக்கு விருந்தும் இருக்கிறது. துல்லியத்துக்காக அதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பிரெகே செய்த இன்னொரு சிறிய மாற்றம் நடைமுறையில் பலமடங்கு பயன்பட்டது: ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றைச் சற்றே மேலே தூக்கி உள்பக்கம் வளைத்தார். ஸ்பிரிங் ஒருபக்கமாகப் பிதுங்காமல் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து சுருங்க அது உதவியது. அந்த வளைவுக்கான கணிதத்தை எதுவார் ஃபிலிப்ஸ் 1861இல் எழுதினார்.

இனி நேரத்தைத் திருத்தும் முறை. நம்மூர் ரிப்பேர் கடைகளில் பின்மூடியைத் திறந்து, நுனிக்குறடால் ஒரு சிறு நெம்பை லேசாகத் தள்ளி, "ஸ்லோவா போச்சு, சரி பண்ணியாச்சு" என்று தருவார்களே, அந்த நெம்புதான் இண்டெக்ஸ் ரெகுலேட்டர். பெங்களூரில் 1961 முதல் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு எச்.எம்.டி. தயாரித்த கடிகாரங்களில், பல வீடுகளில் அப்பாவின் கையில் இருந்த ஜனதா உட்பட, இதுதான் இருந்தது. நெம்பின் முனையிலுள்ள இரண்டு சிறு ஊசிகளுக்கு இடையே ஹேர்ஸ்பிரிங் ஓடுகிறது. ஊசியை நகர்த்தினால் ஸ்பிரிங்கின் இயங்கும் நீளம் மாறுகிறது, வேகமும் மாறுகிறது. சுலபமானது, மலிவானது, எவரும் செய்யக்கூடியது. கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது: இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் ஸ்பிரிங் தட்டித் தட்டி ஆடும். வீச்சு அதிகமாக இருக்கும் காலையில் ஒரு வேகம், சாவி தீரும் இரவில் இன்னொரு வேகம்.

மாற்றுவழி ஸ்பிரிங்கைத் தொடாமல் விட்டுவிட்டு பேலன்ஸின் நிறையை நகர்த்துவது. படெக் ஃபிலிப் நிறுவனம் 1949, 1951 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற ஜைரோமேக்ஸ் பேலன்ஸின் விளிம்பில், ஒரு பக்கம் பிளந்த குட்டி எடைகள் ஆணிகளில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் திருப்பினால் நிறை உள்ளே வரும் அல்லது வெளியே போகும். ரோலெக்ஸின் மைக்ரோஸ்டெல்லா திருகுகளும் இதே தத்துவம். ஒருமுறை சரிசெய்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் சரிசெய்வதற்கு நேரமும் பொறுமையும் தனிக்கருவியும் வேண்டும். தெருமுனைக் கடையில் இரண்டு நிமிடத்தில் நடக்காது.

1960களில் வேகத்தின் மீது மோகம் வந்தது. வேகமாக அடிக்கும் பேலன்ஸைக் கையின் குலுக்கல் எளிதில் குழப்ப முடியாது. ஜனதா போன்ற கடிகாரங்கள் மணிக்கு 18,000 முறை அடித்தன. அதாவது நொடிக்கு ஐந்து. 1966இல் ஜிரார் பெர்ரகோ நிறுவனம் 36,000ஐத் தொட்டது. 1969 ஜனவரியில் ஜெனித்தின் எல் பிரிமெரோ அதே வேகத்தில் தானியங்கி குரோனோகிராஃபாக வந்தது. ஜப்பானின் செய்கோ, நூஷாடெல், ஜெனீவா வானாய்வகங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளில் நுழைந்து, 1968இல் ஜெனீவாவில் இயந்திரக் கைக்கடிகாரங்களில் முதலிடத்தைப் பிடித்தது. அங்கே அதற்கு மேலே நின்றவை, பேலன்ஸுக்குப் பதில் மின்சாரத்தில் அதிரும் படிகம் கொண்ட குவார்ட்ஸ் மாதிரிகள். 1969 டிசம்பர் 25 அன்று அதே செய்கோ மாதத்துக்கு 5 வினாடி மட்டும் தவறும் ஆஸ்ட்ரான் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியப் போட்டி அன்றே முடிந்துவிட்டது. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் சுமார் 30,000 பேர். தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்து ஒசூரில் டைட்டன் ஆலையை அமைத்தபோது, தொடக்கத்திலேயே குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதைவிடச் சரியான முடிவு இருந்திருக்க முடியாது.

எல்லோரும் கைவிட்ட அந்த வேளையில் ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் தனி ஆளாக எண்ணெயை எதிர்த்துக் கிளம்பினார். மட்ஜின் லீவரில் சக்கரத்தின் பல், லீவரில் பதித்த கல்லின் மீது வழுக்கிச் செல்கிறது; வழுக்க எண்ணெய் வேண்டும். எண்ணெய் நாளாக நாளாகத் தடிக்கும், நேரம் பிசகும். டேனியல்ஸ் 1970களில் வகுத்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டில் ஒரே அச்சில் அடுக்கிய சக்கரங்கள் வழுக்காமல் நேராகத் தள்ளுகின்றன. சுவிஸ் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாகத் தட்டிக்கழித்தன. கடைசியில் 1999இல் ஒமேகா ஏற்றது. அதுவும் சுலபமாக நடக்கவில்லை: மணிக்கு 28,800 என்று தொடங்கிய வேகத்தைப் பிறகு 25,200ஆகக் குறைத்தார்கள். மட்ஜுக்குப் பிறகு பெருமளவில் தயாரான புது எஸ்கேப்மென்ட் என்ற பெருமை அதற்கு உண்டு. என்றாலும் வேறு எந்தப் பெரிய நிறுவனமும் அதைத் தன் வழக்கமான தயாரிப்பில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணெயையும் காந்தத்தையும் ஒருசேர விரட்டியது மறுபடியும் ஒரு பொருள்தான்: சிலிக்கன். 2001இல் லூட்விக் ஓக்ஸ்லின் வடிவமைத்த யூலிஸ் நார்டின் ஃப்ரீக் கடிகாரத்தின் எஸ்கேப்மென்டில் அது முதலில் நுழைந்தது. கணினிச் சில்லு செய்வதுபோல் ஒளியால் வரைந்து, வாயுவால் குடைந்து பாகங்களை எடுக்கிறார்கள். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், வழவழப்பு அதிகம், காந்தம் ஒட்டாது. ஹேர்ஸ்பிரிங்கில் ஒரு சிக்கல் இருந்தது: சிலிக்கனும் சூட்டில் விறைப்பு இழக்கும். ஆனால் சிலிக்கன் ஆக்சைடுக்குச் சூட்டில் விறைப்பு கூடும். சிலிக்கன் மீது ஆக்சைடு படலத்தைக் கணக்காக வளர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். எர்ன்ஷாவின் இரட்டை உலோக யோசனை மைக்ரான் அளவில் திரும்பி வந்ததைப் போல எனக்கு இது படுகிறது. நூஷாடெலின் சி.எஸ்.இ.எம். ஆய்வகமும் படெக் ஃபிலிப், ரோலெக்ஸ், ஸ்வாட்ச் குழுமம் ஆகியவையும் சேர்ந்து இதை வளர்த்தன. 2006இல் படெக் தன் ஸ்பைரோமேக்ஸைக் காட்டியது. பிரெகே கையால் வளைத்த வெளிச்சுற்றுக்குப் பதிலாக, தட்டையான சுருளின் நுனியைச் சற்றுத் தடிப்பாக வரைந்தாலே போதும் என்றானது.

காந்தம் சின்ன விஷயமல்ல. கைப்பை மூடி, ஸ்பீக்கர், கைப்பேசி உறை என்று நம்மைச் சுற்றி எங்கும் காந்தம்தான். எஃகு வகை ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் நாளுக்குப் பல நிமிடம் முந்தும். 1950களில் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்புக் கூடு வைத்து 1,000 காஸ் வரை தாங்க வைத்தார்கள். 2013இல் ஒமேகா கூடு இல்லாமலே 15,000 காஸைத் தாங்கும் இயந்திரத்தைக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக வந்த மாஸ்டர் குரோனோமீட்டர் சான்றின்படி கடிகாரம் நாளுக்கு 0 முதல் 5 வினாடி வரை முந்தலாம், பிந்தக் கூடாது. பழைய சுவிஸ் குரோனோமீட்டர் சான்றின் அளவு 4 வினாடி பிந்துவது முதல் 6 வினாடி முந்துவது வரை. 2023இல் ஒமேகாவின் ஸ்பிரேட் முறை, சிலிக்கன் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடத்தின் விறைப்பையே திருகால் மாற்றி, நாளுக்கு 0.1 வினாடி நுட்பத்தில் திருத்த வழிசெய்தது.

எல்லாப் பரிசோதனைகளும் தேறவில்லை. 2017இல் கீ செமோன் குழு ஜெனித்துக்காக பேலன்ஸ், ஸ்பிரிங், லீவர் என்று சுமார் முப்பது பாகங்களுக்குப் பதிலாக, அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரே சிலிக்கன் தகட்டை வைத்தது. அது நொடிக்கு 15 முறை, வெறும் 6 டிகிரி வீச்சில் அதிர்ந்தது. பத்துக் கடிகாரங்கள் வந்தன. 2021இல் ஃப்ரெடெரிக் கான்ஸ்டன்ட் இதே பாதையில் நொடிக்கு 40 அதிர்வு வரை போனது. 2019இல் டாக் ஹோயர் கார்பன் ஹேர்ஸ்பிரிங்கோடு அறிவித்த வரிசை பின்னர் வழக்கமான உலோகத்துக்கே திரும்பியது. இவற்றோடு ஒப்பிட்டால் 2020இல் கிராண்ட் செய்கோ கொண்டுவந்த 9எஸ்ஏ5 நிதானமான சாதனை: மணிக்கு 36,000 வேகத்திலும் ஒரு சாவிக்கு 80 மணி நேரம் ஓடுகிறது. ஒரு தள்ளலை சக்கரமே நேரடியாகக் கொடுக்கிறது, மறு தள்ளலை லீவர் வழியாக. 2025இல் ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லரில் வைத்த டைனபல்ஸ், பிரெகே இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் முயன்று கைவிட்ட இரட்டைச் சக்கர யோசனையின் பேரன். அன்று தோற்று இன்று ஓடுவதற்குக் காரணம் சிலிக்கன். அத்தனை லேசான, அத்தனை பிசிறற்ற பல்லை அன்றைக்கு எந்த உலோகத்திலும் வெட்ட முடியாது.

இவ்வளவுக்கும் விலை உண்டு. சிலிக்கன் வளையாது, உடையும். கோணிய நிவாராக்ஸ் ஸ்பிரிங்கைக் குறடால் நிமிர்த்தும் கைகள் நம்மூரில் இன்னும் இருக்கின்றன. உடைந்த சிலிக்கனை மாற்றத்தான் முடியும், அந்தப் பாகம் நிறுவனம் கொடுத்தால்தான் கிடைக்கும். 2013இல் வந்த ஸ்வாட்சின் சிஸ்டம்51இல் ரெகுலேட்டரே இல்லை. ஆலையிலேயே லேசரால் திருத்தி, 51 பாகங்களையும் ஒரே திருகில் கோத்து, மூடி ஒட்டி அனுப்புகிறார்கள். பழுதானால் தூக்கிப் போட வேண்டியதுதான். துல்லியமும் மலிவும் இப்படிச் சேர்ந்துகொண்டு பழுதுபார்ப்பவரை வெளியே தள்ளுவதை முன்னேற்றத்தின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனமில்லை. ஆக்சைடு பூசிய சிலிக்கன் ஸ்பிரிங்கின் அடிப்படைக் காப்புரிமை 2022இல் காலாவதியாகி, பிற நிறுவனங்களுக்கும் வாசல் திறந்திருப்பது மட்டும் நல்ல செய்தி.

இயந்திரக் கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஹேர்ஸ்பிரிங் எந்தப் பொருளால் ஆனது? நேரத்தைத் திருத்துவது இண்டெக்ஸிலா, பேலன்ஸின் எடைகளிலா? பத்து ஆண்டு கழித்து பாகம் எங்கே கிடைக்கும், யார் மாற்றித் தருவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கடிகாரம் வேண்டாம்.